எந்த குரூப் எடுத்தால் எம்.பி.பி.எஸ்.? ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும் மூன்று கணக்குகள்

"பயோ மேத்ஸ் எடுத்தா கட்-ஆஃப் ஏறும்." "பியூர் சயின்ஸ்தான் நீட்டுக்கு லேசு." "பிளஸ் டூ மார்க்கை யாரு பார்க்கிறா, நீட் மார்க் போதும்." "சி.பி.எஸ்.இ.க்கு மாத்திட்டா சீட் உறுதி." பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டில் இந்த நான்கும் காதில் விழாத வீடு குறைவு. சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறு ஏதோ ஒரு கணக்கைப் பற்றிய உண்மை. அதைக் கொண்டுவந்து குரூப் தேர்வில் பொருத்தும்போதுதான் பிசகுகிறது.

## குழப்பம் எங்கிருந்து வந்தது

2006இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் இயற்றி, தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை ஒழித்தது. அடுத்த ஆண்டு முதல் மருத்துவச் சேர்க்கை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடந்தது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மதிப்பெண்ணைச் சுருக்கி, மொத்தம் 200க்குக் கணக்கிடுவார்கள். அதற்குத்தான் கட்-ஆஃப் என்று பெயர். 2016 வரை இதுவே நடைமுறை. 2017இல் நீட் வந்து நிலைத்தது.

இன்று பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் அண்ணன், அக்கா, மாமாக்களில் பலர் அந்தப் பத்தாண்டுகளில் படித்தவர்கள். அவர்கள் காலத்தில் 'விண்ணப்பிக்கலாமா?' என்ற கேள்விக்கும் 'எத்தனையாவது ஆள்?' என்ற கேள்விக்கும் ஒரே மதிப்பெண் பட்டியல் பதில் சொன்னது. இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன. பேச்சு மட்டும் பிரியவில்லை.

## ரயில் முன்பதிவோடு வைத்துப் பார்க்கலாம்

ரயிலில் இடம் பிடிக்க மூன்று விஷயங்கள் சேர வேண்டும். முதலில், முன்பதிவு செய்யவே உங்களிடம் அடையாள விவரங்கள் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் படிவமே நகராது. அடுத்தது காத்திருப்போர் பட்டியலில் உங்கள் எண். மூன்றாவதாகத்தான் கோட்டா. ஒரே ரயிலில் பொதுக் கோட்டாவில் காத்திருப்பு 80ஆக இருக்கும்போது பெண்கள் கோட்டாவில் இரண்டு படுக்கை காலியாக இருக்கலாம். ரயில் ஒன்றுதான், வரிசைகள்தான் வேறு.

மருத்துவச் சேர்க்கையும் இப்படித்தான். எந்தப் பாடம் படித்தீர்கள், அதில் தேறினீர்களா என்பது முதல் கணக்கு; அதைத் தகுதி என்போம். நீட் மதிப்பெண்ணின்படி நாட்டிலும் மாநிலத்திலும் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பது இரண்டாவது, அது தரவரிசை. எந்தெந்த வரிசையில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது மூன்றாவது; அது ஒதுக்கீடு.

குரூப் தேர்வு முதல் கணக்கில் மட்டும்தான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொன்ன நான்கு வாசகங்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

## முதல் கணக்கு: எந்தப் பாடங்கள் கட்டாயம்

தேசிய மருத்துவ ஆணையம் கேட்பவை நான்கு: இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பவியல்), ஆங்கிலம். பிளஸ் டூவில் இவை நான்கிலும் தேறியிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை.

பட்டியலில் கணிதம் இல்லை. கணினி அறிவியலும் இல்லை. ஆங்கிலம் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. நீட்டில் 600 எடுத்தவர் பிளஸ் டூ ஆங்கிலத்தில் தவறினால், அந்த 600க்கு அந்த ஆண்டு மதிப்பில்லை.

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு குறைந்தபட்ச விழுக்காடும் உண்டு. பொதுப்பிரிவுக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 என்பது நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கும் அளவு. விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் இந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். மருத்துவ இடத்துக்குப் போட்டி போடும் நிலையில் இருக்கும் மாணவருக்கு இது பெரிய தடையாக இருக்காது.

மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தத் தகுதியைத் தருகிற பெரிய குரூப்கள் இரண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் சேர்ந்தது பயோ மேத்ஸ். கணிதத்தை விட்டு, உயிரியலைத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தனிப் பாடங்களாகப் பிரித்துப் படிப்பது பியூர் சயின்ஸ். நீட் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இம்மி வித்தியாசமில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸும் கணிதமும் உள்ள, உயிரியல் இல்லாத குரூப் இந்தத் தகுதியைத் தராது. குரூப்பின் பெயரில் மருத்துவ வாடை அடிக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் முழுப் பாடங்களாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

### பயோ மேத்ஸா, பியூர் சயின்ஸா

தகுதியில் வித்தியாசம் இல்லையென்றால் எதை வைத்து முடிவெடுப்பது? நீட்டில் இடம் கிடைக்காமல் போனால் எந்தக் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்பதை வைத்து.

2025இல் நீட் எழுதியவர்கள் சுமார் 22 லட்சம் பேர். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் அரசுக் கட்டணத்தில் கிடைப்பவை பாதியை ஒட்டி. விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் வேறு ஏதோ ஒரு படிப்புக்குத்தான் போகப் போகிறார்கள் என்பது வெறும் எண்கணிதம். பிள்ளையின் முயற்சியைக் குறைத்துப் பேசுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பயோ மேத்ஸ் எடுத்தவருக்கு பொறியியல் கவுன்சலிங் கதவு திறந்திருக்கும். தமிழ்நாட்டில் பொறியியல் தரவரிசைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றுதான் கணக்கு. பியூர் சயின்ஸ் மாணவரிடம் முதல் 100 இல்லை. பி.ஆர்க்., புள்ளியியல் போன்றவையும் எட்டாமல் போகும். ஆனால் நர்சிங், பி.பார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை, துணை மருத்துவப் படிப்புகள், உயிர் அறிவியல் பட்டங்கள் எல்லாம் பியூர் சயின்ஸ் மாணவருக்கும் உண்டு.

அப்படியானால் எல்லோரும் பயோ மேத்ஸே எடுத்துவிடலாமே என்றால், அதுவும் சரியில்லை. பிளஸ் டூ கணிதம் சும்மா கிடைக்கிற காப்பீடு அல்ல. இரண்டு வருடமும் தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தின்னும். கணிதம் பிடிக்காத, பொறியியலில் துளியும் விருப்பமில்லாத பிள்ளையிடம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதைத் திணித்தால், உயிரியலுக்குப் போக வேண்டிய நேரம்தான் கரையும்.

பியூர் சயின்ஸ் பக்கமும் ஒரு மாயை இருக்கிறது. கணக்கே இல்லாத பாதை என்று நினைத்துச் சேர்கிறார்கள். பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடும். சாய்தளத்தில் ஒரு பொருள் சறுக்கினால் சைனும் காஸும் கூடவே வரும். வேதியியலில் பி.எச். கணக்குக்கு மடக்கை வேண்டும். கணித வகுப்பு இல்லாததால் இவற்றை நாமே தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நீட் இயற்பியலில் மதிப்பெண் கசிகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இயற்பியலில் இல்லை, இந்தக் கணிதத்தில்தான் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால்: பத்தாம் வகுப்புக் கணிதத்தைச் சொந்தமாகப் போட்டுப் பழகிய பிள்ளை, அதாவது வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்காத பிள்ளை, பயோ மேத்ஸ் எடுக்கலாம். கணிதப் புத்தகத்தைத் திறந்தாலே முகம் சுண்டுகிறது என்றால் பியூர் சயின்ஸ். கூடவே இயற்பியலுக்குத் தேவையான கணிதத்துக்கு ஒரு கோடை விடுமுறையை ஒதுக்கிவிட வேண்டும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வரும். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் போக, ஐந்தாவது பாடமாகக் கணிதமோ கணினி அறிவியலோ உடற்கல்வியோ எடுக்கலாம். யோசிக்கும் முறை அதேதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூன்று அறிவியல் பாடங்களும் ஆங்கிலமும் இருந்தால் நீட் விண்ணப்பத்துக்குப் போதும். குரூப்பில் கூடுதலாக வரும் கணிதம் போன்ற பாடம் மாற்றுப் பாதைக்கானது. அது நீட் மதிப்பெண்ணையோ மருத்துவத் தரவரிசையையோ ஏற்றாது, இறக்காது.

## இரண்டாவது கணக்கு: வரிசையில் எத்தனையாவது

நீட் தேர்வில் 180 கேள்விகள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். மொத்தம் 720. அதில் 360 உயிரியலுக்கே. இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான். அதன் பின் வேதியியல், பிறகு இயற்பியல்.

இங்கே பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றுகூடச் சேராது. 600க்கு 590 எடுத்தவரும் 420 எடுத்தவரும் நீட்டில் ஒரே மதிப்பெண் என்றால் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 'நீட்டில் பாஸ்' என்ற சொல். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 50 பெர்சன்டைல், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 40. பெர்சன்டைலுக்கும் மதிப்பெண் விழுக்காட்டுக்கும் சம்பந்தமில்லை. எழுதியவர்களை மதிப்பெண் வாரியாக நிறுத்தினால், உங்களுக்குக் கீழே எத்தனை விழுக்காட்டினர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண் அது. 50 பெர்சன்டைல் என்றால் வரிசையின் நடுவில் நிற்கிறீர்கள் என்று பொருள். அந்த நடுப்புள்ளியின் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023இல் அது 137. 2025இல் 144, அதாவது 720இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு.

2025இல் இப்படித் தேர்ச்சி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். இடங்களை நினைத்துப் பாருங்கள். அப்படித் தேறியவர் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். 'என் பிள்ளை நீட் பாஸ், ஆனா சீட் தரமாட்டேங்கிறாங்க' என்று கலங்கும் பெற்றோரிடம் யாரோ ஒருவர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்ட இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

## மூன்றாவது கணக்கு: எந்தெந்த வரிசையில் நிற்கலாம்

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு கவுன்சலிங் நடத்தும். மீதி 85 விழுக்காடு மாநிலத்துக்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் மத்தியக் குழுவின் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. ஒரே நீட் மதிப்பெண்ணோடு இத்தனை வரிசைகளிலும் நிற்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

மாநில இடங்களில் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்தும்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் போட்டி. மதிப்பெண் இருந்தால் அதில் எல்லாச் சமூகத்தினரும் இடம்பெறலாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் மத்திய அரசின் பட்டியலும் விழுக்காடும் வேறு. அதனால் மாநிலத்தில் ஒரு பிரிவில் வருகிறவர் அங்கே வேறு பிரிவில் வரக்கூடும்.

### ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் தகுதி

குரூப்பைப் பற்றி மாய்ந்து மாய்ந்து பேசுகிறவர்கள், அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யக்கூடிய ஒன்றைப் பேசுவதில்லை. 2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டப்படி, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா உள்ளிட்ட இந்திய மருத்துவப் படிப்புகள், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் இது உண்டு. இதன் வழியாகச் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. இந்தக் கடைசி வரியில்தான் பலர் அடிபடுகிறார்கள். சம்பளம் அரசு தருகிறதே, அப்போது அரசுப் பள்ளிதானே என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்த வரிசை தனி. பொது வரிசையில் இடம் கிடைக்காத மதிப்பெண்ணுக்கு இங்கே இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பத்தாம் வகுப்பை அரசுப் பள்ளியில் முடித்த ஒரு பிள்ளையை, 'நீட் கோச்சிங் சேர்ந்தே தர்றாங்க' என்று பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். மாற்றிய அன்றே அந்த உரிமை போய்விடும். மறுபடி வாங்க முடியாது.

மாநில ஒதுக்கீட்டுக்கு இன்னொன்றும் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு மாநிலங்களில் ஒரே சமயத்தில் உரிமை கோர முடியாது.

## பிறகு பிளஸ் டூ மதிப்பெண் எதற்கு

எம்.பி.பி.எஸ். தரவரிசைக்கு அது உதவாது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை மருத்துவக் கல்லூரி வாசலோடு முடிந்துவிடும். அதற்குப் பக்கத்தில் இருக்கிற படிப்புகளில் பழைய 200 கட்-ஆஃப் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., துணை மருத்துவப் படிப்புகள், வேளாண்மை இவையெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. நீட்டில் நழுவிய மாணவர் போய் நிற்கிற முதல் வாசல்களே இவைதான்.

பள்ளிக்கே போகாமல் கோச்சிங் மையத்தில் உட்கார்ந்து, பிளஸ் டூவை ஒப்புக்கு எழுதிவிடலாம் என்ற யோசனை விலை மிகுந்தது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். நீட் நழுவும்போது கையில் வேறு எதுவும் இருக்காது.

## பாடத்திட்டத்தை மாற்றினால் ஆகுமா

நீட் பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டியது. அந்த அளவில் சி.பி.எஸ்.இ. மாணவருக்கு ஒரு வசதி உண்டு: பள்ளியில் படிப்பதும் நீட்டுக்குப் படிப்பதும் ஒரே புத்தகம். அதற்கு மேல் எந்தச் சலுகையும் இல்லை. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு என்று 85 விழுக்காடு ஒதுக்க 2017இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, எந்தப் பாடத்திட்டமானாலும் வரிசை ஒன்றே. பிளஸ் ஒன்னில் பள்ளி, மொழி, நண்பர்கள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதைவிட, இருந்த இடத்தில் இருந்துகொண்டு என்.சி.இ.ஆர்.டி. உயிரியலை வரி வரியாகப் படிப்பது பலருக்குச் சுலபம்.

தமிழ்வழியில் படித்தவர் நீட்டைத் தமிழில் எழுதலாம். வினாத்தாளில் மொழிபெயர்ப்பு சந்தேகமாக இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

## உயிரியல் எடுக்காமல் விட்டவர்கள், வெளிநாடு போக நினைப்பவர்கள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் படித்து முடித்தபின் மருத்துவ ஆசை வந்தால்? முன்பு கதவு மூடியிருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தபடி, பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம். ஒரு வருடம் கூடப் போகும். இரண்டு வருட உயிரியலை ஒரு வருடத்தில் படிக்க வேண்டும். ஆனால் வழி இருக்கிறது.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தால் நீட் வேண்டாம் என்பது காலாவதியான தகவல். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள், போவதற்கு முன்பே நீட்டில் தேறியிருக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது, ஆங்கிலவழியில் இருக்க வேண்டும், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று 2021 விதிமுறைகள் கூடுதலாகச் சொல்கின்றன. திரும்பி வந்தபின் ஒரு தகுதித் தேர்வும் காத்திருக்கும். ஏஜென்ட் தரும் வண்ணப் பிரசுரத்தில் இவற்றில் எவை எழுதியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.